செங்கம்மாளின் ஜெர்மன் சில்வர்

செங்கம்மாளுக்குப் போலீஸ் என்றால் பயம். அது யாருக்குத்தான் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பயமும் என் பயமும் லைசென்ஸை வீட்டில் மறந்துவிட்டு வண்டி எடுக்கும்போது வருகிற பயம். அடுத்த முக்கு திரும்பியதும் போய்விடும். செங்கம்மாளின் பயம் அப்படியில்லை. காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர் டீக்கடையில் நின்றால்கூட அவள் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். தபால்காரர் வந்தால் முதலில் சட்டையைப் பார்ப்பாள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள்.

காரணம் இருக்கிறது. அவள் பிறந்தது கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பா கூலிவேலை செய்த பெரிய வீட்டில் ஒரு பித்தளை அண்டா காணாமல் போனது. யார் எடுத்திருப்பார்கள் என்று அந்த வீட்டில் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அப்பாவை மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் வந்தவருக்கு இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை; கடைசிவரைக்கும் எழும்பவில்லை. அடுத்த கோடையில் கிணறு தூர்வாரியபோது சேற்றோடு சேற்றாக அண்டா மேலே வந்தது. அதைத் தேய்த்துக் கழுவி உள்ளே எடுத்துப் போனார்கள். அப்பாவிடம் வந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செங்கம்மாளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வந்தது அப்படியே தங்கிவிட்டது.

கல்யாணமாகி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரிக்கு வந்தாள். புருஷன் சாலமோன் பிளம்பர். லாட்ஜுகளில் குழாய் ஒழுகினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்காக அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து சாராள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சர்ச் ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கிறது. சாலமோனே ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பிள்ளை ஒன்றே ஒன்று, சிநேகா.

1993-லிருந்து செங்கம்மாள் பார்த்தசாரதி சார் வீட்டில் வேலை பார்த்தாள். சார் கல்பாக்கத்தில் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிற்பாடு ஈ.சி.ஆர். என்று ஆன ரோட்டின் ஓரத்தில், அப்போது யாரும் சீண்டாத மனையை வாங்கி வீடு கட்டியிருந்தார். வீட்டில் அவரும் கல்யாணி அம்மாவும்தான். மகன் ஆதித்யா பெங்களூரில். செங்கம்மாளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது, யாரும் கேட்காமலே, தன் ஒயர் கூடையைச் சாய்த்துக் கல்யாணி அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் போவாள். “ஐயோ, இதெல்லாம் எதுக்குடி?” என்பாள் அம்மா. ஆனாலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

அந்த வீட்டு ஷோகேசில் ஒரு சொம்பு இருந்தது. சொம்பு என்பது செங்கம்மாளின் கணக்கு. உண்மையில் அது நீளமான ஒரு கோப்பை. ஒரு சாண் உயரம், மேலே அகன்ற வாய், அடியில் மூன்று உருண்டைக் கால்கள். உடம்பைச் சுற்றிலும் பழைய காசுகளைப் பதித்திருந்தார்கள். ஒரு காசில் சுருட்டை முடி வைத்த ராஜா, ஒன்றில் குதிரை, ஒன்றில் இரண்டு தலைக் கழுகு. எல்லாம் கறுத்துப்போய், அடுப்படியில் கிடந்த சாமான் மாதிரி மங்கலாக இருந்தது. புளி போட்டு ஒரு தேய் தேய்த்தால் எப்படி இருக்கும் என்று செங்கம்மாளுக்குக் கை அரிக்கும். சார் விடமாட்டார். “அதுல மட்டும் கை வைக்காதே” என்பார்.

எழுபதுகளில் சார் ஒரு வருஷம் ஜெர்மனியில் பயிற்சிக்குப் போயிருந்தபோது தங்கியிருந்த வீட்டுக்காரர் தந்தது அது. அந்த ஊர் ரொட்டிக்காரர்களின் சங்கத்தில், விருந்தாளி யாராவது வாசற்படி ஏறினால் முதலில் இதை நிரப்பிக் கொடுத்து ஒரே மூச்சில் குடிக்கச் சொல்வார்களாம். வரவேற்புக் கோப்பை. சாருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது; அந்தக் கோப்பை இங்கே வந்தபிறகு அதில் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இங்கிலீஷில் அதன் பெருமையைப் பேசுவார். செங்கம்மாளுக்கு அந்தப் பேச்சில் புரிந்தது இரண்டே வார்த்தை. ஜெர்மன், சில்வர்.

வினையே அங்கேதான். ஜெர்மன் சில்வர் என்றால் நமக்கு என்ன? கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கிற குங்குமச் சிமிழ். கொலுவுக்குப் போனால் தருகிற குட்டித் தட்டு. பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும், ஆனால் அதில் வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது. சார் சொன்னது ஜெர்மனியில் செய்த அசல் வெள்ளியை. செங்கம்மாள் கேட்டது கடைத்தெரு ஜெர்மன் சில்வரை. ஏழெட்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு வேறு வேறு சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2001 ஜனவரியில் சிநேகாவுக்குக் கல்பாக்கத்தில் வேலைக்குத் தேர்வானதாகக் கடிதம் வந்தது. பூஞ்சேரி காலனியிலிருந்து கல்பாக்கத்துக்குள்ளே போக பாஸ் வாங்கப்போகிற முதல் பெண் அவள்தான். ஆனால் அது சும்மா ஆபீஸ் இல்லை, அணு உலை இருக்கிற இடம். போலீஸ் விசாரித்து, வீட்டில் யார் மேலும் புகார் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதினால்தான் வேலை. கடிதத்தைச் சிநேகா வாசித்துக் காட்டியபோது சாலமோன் விசிலடித்தான். செங்கம்மாள் ‘போலீஸ்’ என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டாள்.

பிப்ரவரியில் சார் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். ஷோகேஸ் சாமான் எல்லாம் பேப்பர் சுற்றிச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பரணை ஒழித்தபோது ஓர் அட்டைப்பெட்டி நிறையச் சிமிழும் தட்டும் விளக்கும். கல்யாணி அம்மாவுக்கு அலுத்துப்போனது.

“செங்கம்மா, இந்த ஜெர்மன் சில்வர் சனியன் ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக்கூடாது. எல்லாத்தையும் நீயே எடுத்துட்டுப் போ.”

அந்த நேரம் பெங்களூரிலிருந்து போன் வந்தது. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, செங்கம்மாள் மேசையிலிருந்த கோப்பையைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள். “அம்மா, இந்தக் காசு வச்ச சொம்பும் ஜெர்மன் சில்வர்தானேம்மா?”

“ஆமாம், ஆமாம், ஜெர்மன் சில்வர்தான்” என்று அம்மா போனைப் பொத்திக்கொண்டு சொன்னாள். கையை வேறு வீசினாள். கிளம்பும்போது செங்கம்மாள் பெட்டியையும் திறந்து காட்டினாள். கோப்பைதான் மேலாக இருந்தது. அம்மா பேரனின் காய்ச்சலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செங்கம்மாள் முதலில் செய்தது புளி கரைத்ததுதான். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பெல்லாம் கழன்று, உள்ளிருந்து நிலா மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. கோப்பையின் உட்பக்கம் மஞ்சளாக, தங்கம் பூசியதுபோல மின்னியது. ஜெர்மன் சில்வர் இப்படி மின்னாது என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றியதா இல்லையா என்று பின்னாளில் அவள் தன்னையே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள். தோன்றியது. ஆனால் அதற்குள் சாலமோன் பின்னால் வந்து நின்று, “இன்னாமே இது, சர்ச்சுக்குக் குடுக்கலாமே!” என்றுவிட்டான்.

அவர்களுடைய சர்ச் தகரக்கூரை போட்ட சின்ன சர்ச். மாதம் ஒருமுறை சபையார் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கிற திருவிருந்துக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரைத்தான் பாத்திரமாக வைத்திருந்தார்கள். அதன் விளிம்பு வேறு நசுங்கியிருக்கும். பாஸ்டர் ஜெபசிங் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் ஒவ்வொரு மாதமும் அந்த நசுங்கலைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் தூக்குவார். மகளுக்கு வேலை கிடைக்கப்போகிறது, ஆண்டவருக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்பது சாலமோனின் வாதம்.

செய்ததோடு விட்டானா? ஊருக்கு ஊர் பெயர் போடாமல் நாம் எதைக் கொடுத்திருக்கிறோம்? டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சமே வராத அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதுகிற சனங்கள் நாம். சாலமோன் கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினான். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவன், “நைனா, இன்னா இது, இம்மாங் கனம் கீது?” என்று கேட்டிருக்கிறான். “ஜெர்மன் சில்வருபா” என்றிருக்கிறான் இவன். மெஷின் கொர்ரென்று ஓடியது. காசுகளுக்கு மேலே, விளிம்பை ஒட்டி, நல்ல கொட்டை எழுத்தில்: சாலமோன் – செங்கம்மாள் காணிக்கை, பூஞ்சேரி.

அந்த மாதத் திருவிருந்தில் காலனி மொத்தமும் அந்தக் கோப்பையில் குடித்தது. “எவன் எவனோ தலை கீதே இதுல” என்று சபைப் பெரியவரான மூப்பர் சம்பத் மட்டும் கொஞ்சம் முனகினார். செங்கம்மாளின் முறை வந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அது சந்தோஷம். அதை அனுபவிக்க அவளுக்குச் சரியாக மூன்று வாரம் கிடைத்தது.

மார்ச் முதல் வாரம் ஒரு வியாழக்கிழமை. தச்சன் இழுத்தடித்துக்கொண்டிருந்த ஷோகேஸ் கண்ணாடி அன்றைக்குத்தான் வந்தது; அதுவரை சாமானெல்லாம் பேப்பருக்குள்ளேயே கிடந்தது. செங்கம்மாள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சாரின் குரல்.

“கல்யாணி, சனிக்கிழமை அந்த ஜெர்மன் வீட்டுக்காரரோட பையன் வரான், குடும்பத்தோட. அந்தக் கோப்பையை மறுபடி ஒருதடவை பார்க்கணும்னு எழுதியிருக்கான். எங்க வச்சிருக்கே அதை?”

“மேசையில மத்ததோட இருந்ததே?”

“இல்லையே. விளையாடாதே. இருநூத்தைம்பது வருஷத்து சாமான். சொக்க வெள்ளி. அவங்க குடும்பத்துல மியூசியத்துக்குக்கூடக் கொடுக்காம எனக்குக் கொடுத்தது.”

சொக்க வெள்ளி. செங்கம்மாளின் கையிலிருந்து தோசைக்கல் தொட்டியில் விழுந்தது.  குழாய் திறந்தபடியே ஓடுகிறது. அதை மூடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அரைமணி நேரத்தில் வீடு தலைகீழானது. சார் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அந்தத் தணிந்த குரலுக்குக் கல்யாணி அம்மா முப்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள். “நாளைக்குள்ள கிடைக்கலேன்னா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடுவேன். பெயிண்டரோ, யாரோ. அவங்க விசாரிக்கிற விதத்துல விசாரிச்சா வெளியில வரும்.”

விசாரிக்கிற விதம். செங்கம்மாளின் இடது தோள் வலித்தது, சத்தியமாக வலித்தது.

கல்யாணி அம்மா பின்கட்டுக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. போன், அட்டைப்பெட்டி, கை வீசியது எல்லாம். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது ஒருத்தி வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

“நீ ஒண்ணும் பார்க்கலையே, செங்கம்மா?” என்றாள் அம்மா. கேள்வியே பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தது.

“இல்லம்மா” என்றாள் செங்கம்மாள்.

பயம் வந்தவன் வாயில் முதலில் வருவது ‘இல்லை’தான். அந்த ஒரு ‘இல்லை’ அவள் கழுத்தில் எப்படி இறுகியது என்று பாருங்கள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே அவள் பாஸ்டர் வீட்டில் நின்றாள். விஷயத்தைக் கேட்டு ஜெபசிங் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “சபைக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கறதுன்னா மூப்பருங்களைக் கூட்டணுமே, சிஸ்டர்.” அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் பீரோவைத் திறந்து எடுத்துவந்து அவள் கூடையில் வைத்தார். “யாராவது கேட்டா, அடியில ஓட்டைன்னு சொல்லிடறேன்” என்றார். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அதைச் சொல்லும்போதே காது சிவந்தது.

கோப்பையின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிக்கொண்டு செங்கம்மாள் வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவிவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடிப்பதாக எண்ணம். சந்து திரும்பினால், வீட்டு வாசலில் புல்லட் நிற்கிறது.

“எம்மா, சீக்கிரம் வா! ஏட்டய்யா வந்துகினு ரொம்ப நேரமாவுது. வெரிஃபிகேஷனுக்கு” என்று சிநேகா ஓடிவந்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

ஈரக்குலை நடுங்கியது என்று சொல்வோமே, அது வெறும் பேச்சில்லை, அப்படி ஒன்று உண்மையிலேயே நடக்கும் என்று செங்கம்மாள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். திரும்பி ஓடலாமா? எங்கே? கூடை கையில் ஒரு மூட்டை சிமெண்டு மாதிரி கனத்தது. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஏட்டு பக்தவத்சலம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், பருத்த உடம்பு. மடியில் ஒரு ஃபைல். சாலமோன் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

“நீதான் பொண்ணோட அம்மாவா? எங்க போயிருந்தே?”

“சர்ச்சுக்கு, சார்.”

“இன்னா வேலை செய்றே?”

“வூட்டு வேலை, சார்.”

“யார் வூட்ல?”

சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பேனா போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரின் பெயர். சாரின் தெரு. இன்றைக்கே சார் அதே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுப்பார். இந்த ஃபைலும் அந்தப் பேப்பரும் ஒரே மேசையில் கிடக்கும். இதே ஆள் இரண்டையும் படிப்பார்.

“வூட்ல யார் மேலயாவது கேஸு கீஸு கீதா? அடிதடி, திருட்டு, ஸ்டேஷன் பக்கம் வந்தது போனது?”

“ஐய, இன்னா சார் நீ! எங்க வூட்ல ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் செய்ய மாட்டோம்” என்றான் சாலமோன்.  செங்கம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாளா, ஆமாம் என்று ஆட்டினாளா, அவளுக்கே தெரியாது.

“இன்னாமா, இப்படி வேர்க்குது உனக்கு? உடம்பு சரியில்லியா?” ஏட்டு குனிந்து பார்த்தார். அவர் பார்வை கூடைக்கு வந்தது. துண்டு விலகியிருந்தது. காலை வெயில் நேராகக் கோப்பையில் விழுந்து சுவர் முழுக்க வெளிச்சம் அடித்தது.

“அது இன்னாது?”

அவர் கையை நீட்டிக் கோப்பையை வெளியே எடுத்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார், கழுகைப் பார்த்தார். விளிம்பில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி உரக்கவே படித்தார். “சாலமோன்... செங்கம்மாள்... காணிக்கை. ஓகோ, சர்ச்சு சாமானா?” கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “வெள்ளியா இது?”

மகள் பக்கத்தில் நிற்கிறாள். புருஷன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.  செங்கம்மாளுக்கு, அப்பா மூன்று நாள் உட்கார்ந்திருந்த சிமெண்டுத் தரை கண்ணுக்குத் தெரிந்தது.

“ஜெர்மன் சில்வர், சார்” என்றாள்.

அவர் சிரித்தார். “அதானே பார்த்தேன். என் பொண்ணு கல்யாணத்துலகூட இதுலதான் எல்லாருக்கும் சந்தனக் கிண்ணம் குடுத்தோம்.” கோப்பையைக் கூடையில் வைத்தார். ரேஷன் கார்டு நகலில் சாலமோனிடம் கையெழுத்து வாங்கினார். “எல்லாம் சரியா கீது. திங்கக்கிழமை அனுப்பிடறோம். பொண்ணு நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு புல்லட்டை உதைத்துக் கிளம்பினார். சத்தம் மெயின் ரோடு சேர்ந்து அடங்குகிறவரைக்கும் செங்கம்மாள் அசையவில்லை. பிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. சார் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். செங்கம்மாள் கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

சாரின் கண் முதலில் போனது அதன் பளபளப்புக்கு. பிறகு எழுத்துக்கு. “ஐயோ” என்றார். வேறு ஒன்றும் இல்லை, அந்த ஓர் ‘ஐயோ’தான். யாரோ செத்த வீட்டில் கேட்கிற சத்தம்.

“அம்மா எடுத்துக்கச் சொன்னாங்க, சார். ஜெர்மன் சில்வர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. நான் கேட்டுட்டுதான் எடுத்தேன். தெரியாம சர்ச்சுக்குக் குடுத்துட்டோம்.”

சார் கல்யாணி அம்மா பக்கம் திரும்பினார். “சொன்னியா?” என்றார். அந்தத் தணிந்த குரல்.

அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். கெட்டவள் இல்லை. சிநேகாவின் பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் வாங்கித் தந்தவள், செங்கம்மாளுக்கு டைஃபாய்டு வந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பியவள். ஆனால் பயந்தவள்.

“அந்த அட்டைப்பெட்டியைத்தான் சொன்னேன். இதை நான் எப்போ சொன்னேன்?” என்றாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, “நேத்து கேட்டப்போ பார்க்கலைன்னு சொன்னாளே” என்றாள்.

அவ்வளவுதான். நேற்றைய ‘இல்லை’ வந்து குறுக்கே நின்றுவிட்டது. சாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக அவர் நினைத்தார்.

“உண்மையைச் சொல்லு. சொன்னா ஸ்டேஷனுக்குப் போகமாட்டேன். பிடிவாதம் பிடிச்சா அவங்களே விசாரிக்கட்டும்.”

செங்கம்மாள் ஏட்டின் ஃபைலை நினைத்தாள். திங்கள்கிழமை அது போகவேண்டும். இன்றைக்கு வெள்ளி. நடுவில் இரண்டே நாள். தான் திருடி இல்லை என்று நிரூபிக்கப் போனால் மகளின் வேலை போகும். மகளின் வேலை வேண்டுமென்றால் தான் திருடியாக வேண்டும். ஐந்தாவது வரைக்கும் படித்தவள், ஆனால் இந்தக் கணக்குப் போட அவளுக்கு நேரமே ஆகவில்லை.

“தப்புதான், சார். சொல்லாம எடுத்துட்டேன்” என்றாள்.

சார் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ‘சாரின் வெள்ளிக் கோப்பையைச் சொல்லாமல் எடுத்துப் போனேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்.’ கீழே பெயர், தேதி. “யார்கிட்டயும் காட்டமாட்டேன். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும். இனிமே எதாவது இப்படி ஆச்சுன்னா...” என்று நிறுத்தினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வெள்ளைக்கார விருந்தாளிகள் வந்தார்கள். கோப்பை ஷோகேசில் இருந்தது, எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படி. செங்கம்மாள்தான் வடை சுட்டாள்.

சிநேகா ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்டாஃப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற மகளைப் பார்க்கச் செங்கம்மாளுக்குப் பெருமையாக இருக்கும். பெருமை பஸ் கண்ணுக்கு மறைகிறவரைக்கும்தான். அப்புறம் அந்தத் தாள் ஞாபகம் வந்துவிடும். எங்கே வைத்திருப்பார்? பீரோவிலா, மேசை அறையிலா? தூசி தட்டும்போதெல்லாம் கண்ணால் தேடுவாள். கையால் தேடப் பயம். சாருக்குத் தெரிந்த பெரிய ஆட்கள் இன்னும் கல்பாக்கத்தில் இருந்தார்கள். யாராவது வந்து சாரோடு பேசிக்கொண்டிருந்தால் காபி கொண்டுபோகிற தட்டு கையில் ஆடும். சிநேகாவின் பாஸைப் புதுப்பிக்கிற மாதம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டில் ஒரு ஸ்பூன் தொலைந்தால்கூட அது கிடைக்கிறவரைக்கும் தேடிவிட்டுத்தான் போவாள்.

“எதுக்கும்மா இன்னும் அங்க போய்கினு கீறே? வுட்டுடு” என்று சிநேகா நூறு தடவை சொல்லியிருப்பாள். முட்டி வலி வந்தது, பேரன் பிறந்தான். சாலமோனும் சொல்லிப் பார்த்தான். விடமுடியவில்லை. வேலையை விட்டால் சாருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் தாள் வெளியே வரும். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. ‘நான் திருடினேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்’ என்று எந்தத் தாய் மகளிடம் சொல்வாள்? இப்படியே எட்டு வருஷம்.

2009-ல் சாரும் அம்மாவும் வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கு மகனிடமே போவது என்று முடிவானது. கடைசி நாள். லாரி வாசலில் நிற்கிறது. கல்யாணி அம்மா கண்ணாடிச் சாமான்களுக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். சார் காலியான அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்கமுடியாது. செங்கம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், அந்தப் பேப்பரை என்கிட்ட குடுத்துடுங்க, சார்.”

“எந்தப் பேப்பர்?”

“அந்தச் சொம்புக்காக நான் எழுதிக் குடுத்தது.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுவா! அதை அடுத்த நாளே கிழிச்சுப் போட்டுட்டேனே. சும்மா ஒரு பயத்துக்கு எழுதச் சொன்னது. நீதானே அன்னிக்குக் குப்பையைக் கொட்டினே?”

செங்கம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். எட்டு வருஷம். எத்தனை காபித் தட்டு, எத்தனை பாஸ், சோறு இறங்காத எத்தனை நாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வேறு என்னவோ அடிவயிற்றிலிருந்து ஏறிக்கொண்டு வந்தது. அது கோபம் என்று புரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கை நடுங்கவில்லை.

“நான் எடுக்கல சார்” என்றாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு சத்தமாக ஒருநாளும் கேட்டதில்லை. லாரிக்காரன்கூட உள்ளே எட்டிப் பார்த்தான். “அம்மா குடுத்தாங்க. அவுங்க வாயால குடுத்தாங்க. கேட்டுப் பாருங்க.”

கல்யாணி அம்மாவின் கையிலிருந்த பேப்பர் அப்படியே நின்றது. சார் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

அவள் என்ன சொன்னாள் என்று செங்கம்மாள் நின்று கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். பதினொன்றரை பஸ் வருகிற நேரமாகிவிட்டது.